காணாத வயல்கள்



கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பெருவழியில், நகரின் வடபால் அமைந்திருப்பது துடியலூர். மேற்கே தடாகம் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையும் காட்சியளிக்கும். என் இளமையில் ஊரைச் சுற்றிலும் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் இருந்தன. இன்று அவற்றுள் பல வீட்டு மனைகளாகவும் பட்டறைகளாகவும் மாறிவிட்டன. ஊரும் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. அவ்வூரில் பிறந்து, வெளியூர்ப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து, ஓய்வு பெற்றபின் மீண்டும் அங்கேயே வந்து குடியேறியவன் நான்.

சில திங்களுக்கு முன் என் தங்கையின் மகள் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினாள். அவள் கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றாள். துடியலூர் வீட்டின் முன்னறையில் அமர்ந்தபடியே ஒரு குழுவை நடத்துகின்றாள். குழுவில் உள்ளோர் புனேயிலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் இருக்கின்றனர். அவர்களுள் பாதிப் பேரை அவள் நேரில் கண்டதே இல்லை. “மாமா, நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படீங்க வேலை பழக்குவது? அவர்கள் செய்வது சரியா தவறா என்று இங்கிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் வரலாற்றில் இதற்கு விடை உண்டா?” என்று கேட்டாள்.

விடை சொல்வதற்கு முன் என் பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

என் தந்தையார் காலமானபின் தடாகம் சாலையை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம் இருந்தது. நான் அப்போது தொலைவிலுள்ள ஓர் ஊரில் ஆசிரியனாக இருந்தேன். தோட்டத்தில் பண்ணயம் பார்த்து வந்தவர் வயது முதிர்ந்த ஒரு பெரியவர். மாதம் தவறாமல் நான் அவருக்குக் கடிதம் எழுதுவேன். ஓராண்டு, கரும்பு நடுமாறு எழுதினேன். “கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதுங்க, இந்த வருசம் கரும்பு வேண்டாமுங்க, சோளம் விதைக்கலாமுங்க” என்று தம் பேரனைக் கொண்டு அவர் மறுமொழி எழுதுவித்தார். நானோ, கரும்பின் விலை ஏறியிருப்பதை நாளிதழில் படித்திருந்தேன். சொன்னபடி செய்யுமாறு கண்டிப்பாக எழுதினேன். சித்திரையில் ஊருக்கு வந்தபோது கரும்பு முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. பெரியவர் என்னைக் குறை கூறவில்லை. “நீங்க எழுதினபடியேதானுங்க எல்லாம் செஞ்சேன்” என்று மட்டும் சொன்னார்.

தொலைவிலிருந்து பணியை நடத்தும் ஒருவன் கேட்கக் கூடாத சொல் அதுவே என்று பின்னர் உணர்ந்தேன். களத்தில் நிற்பவனுடைய கண்ணை நான் பயன்படுத்தவில்லை. அவனுடைய கையை மட்டும் பயன்படுத்தினேன். அப்படியில்லாமல், கண்காணாத வயல்களில் பிறர் கையாலும் கண்ணாலும் பணியாற்றி வெற்றி கண்டவர்கள் எங்கள் கோவையிலேயே இருந்தனர் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களுடைய வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன். அதுவும் ஒரு கரும்பின் வரலாறேயாகும்.

கரும்பு தமிழருக்குப் புதியதன்று. தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டு வந்தனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறித்திருக்கின்றார். தகடூர் இன்றைய தருமபுரி. எங்கள் கொங்கு நாட்டிற்கு அண்மையது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் கரும்பு வேளாண்மை நலிந்த நிலையில் இருந்தது. நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வடக்கே, பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணங்களிலும் பீகாரிலும் இருந்தது. அங்கு விளைந்தவை விரல் பருமனேயுள்ள மெல்லிய கரும்புகள். நார் மிகுதி, சாறு குறைவு. ஆனால் உறைபனியையும் அனற்காற்றையும் தாங்கும் வன்மை அவற்றிற்கு உண்டு. தெற்கே விளைந்த தடித்த கரும்புகளோ சாறு நிறைந்தவை. எனினும் வடக்கின் குளிரைத் தாங்க மாட்டாதவை. இதற்கிடையே ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வந்து இந்தியத் துறைமுகங்களில் இறங்கியது. கரும்பின் தாயகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் நாடு, சர்க்கரைக்குப் பிற நாட்டை நம்பியிருந்தது.

இதற்கு வழி என்ன? கரும்பைக் கரணை நட்டுப் பயிரிடுவதே உழவர் வழக்கம். கரணையிலிருந்து முளைப்பது தாய்க்கரும்பின் மறு வடிவமே; அதில் புதிய குணம் தோன்றாது. கரும்பு பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை முளைத்தால்தான் புதிய இனம் பிறக்கும். கரும்பின் விதை முளைக்கும் திறமுடையது என்பதே 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்பேடோஸ் தீவிலும்தான் உறுதி செய்யப்பட்டது. ஆனால் வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் குளிரில் முளைக்கத்தக்க விதை பிடிப்பதில்லை. எந்த நிலத்திற்குப் புதிய கரும்பு வேண்டியிருந்ததோ, அந்த நிலத்தில் அதைப் பிறப்பிக்க இயலாது என்பதே சிக்கல்.

கோயம்புத்தூரிலோ கரும்பு நன்றாகப் பூக்கும். பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்திருக்கும் எங்கள் பகுதியில், கடுங்குளிர் இல்லாத ஐப்பசி, கார்த்திகை நாட்களில், வெண்சாமரம் போன்ற பூக்கதிர்கள் தோட்டமெங்கும் அசைவதைக் காணலாம். சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்லூரியும் அதற்கு முன்பே கோவைக்கு இடம் பெயர்ந்திருந்தது. எனவே 1912ஆம் ஆண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையம் கோவையில் நிறுவப்பட்டது. சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் அதன் தலைவரானார். அவருக்குத் துணையாக வந்தவர் திருவாடி சாம்பசிவ வெங்கட்ராமன் என்னும் தமிழர்.

மாணவர்களே, இவர்களுடைய பணியின் விந்தையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இனத்தை உருவாக்க வேண்டிய இடம் கோவை. அது விளைய வேண்டிய இடமோ ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பஞ்சாப். புகைவண்டியில் பல நாள் பயணம். மண் வேறு, மழை வேறு, மொழி வேறு. கரும்பைக் காண்பதற்கும், வெட்டுவதற்கும், ஆலையில் பிழிந்து சாற்றை அளப்பதற்கும் அங்கே வேறு மனிதர்கள் இருந்தனர். அவர்கள் மாகாண வேளாண்மைத் துறைகளைச் சேர்ந்தவர்கள். கோவையின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அஞ்சலும் சரக்கு வண்டியும்தாம் இரு சாராரையும் இணைத்த பாலம்.

இந்நிலையில் பார்பர் முதலில் செய்தது என்ன? புதிய இனத்தை அனுப்புவதற்கு முன் வடக்கை அறிந்துகொண்டார். வட இந்திய நாட்டுக் கரும்புகளைத் திரட்டிக் கோவையில் நட்டு, அவற்றின் வேர், கணு, இலை, தூர் ஆகியவற்றை ஆராய்ந்தார். பெயர் பெருகிக் குழம்பிக் கிடந்த அவ்வினங்களை முங்கோ, நார்கோரி, சரேத்தா, சன்னபைல், பன்சாகி என ஐந்து கூட்டங்களாக வகுத்தார். வட இந்திய மெல்லிய கரும்பினத்தின் தாவரவியற் பெயர் பிற்காலத்தில் அவர் பெயராலேயே அமைந்தது. தொலைவிலுள்ள ஒரு களத்திற்கு வழிகாட்ட விரும்புவோன் முதலில் அக்களத்தின் மாணவனாக வேண்டும் என்னும் பாடத்தை இதிலே காணலாம். என் பெரியவருடைய கிணற்றின் நீர்மட்டம் என்னவென்று நான் ஒருமுறைகூடக் கேட்டு எழுதவில்லை என்பதும் இங்கே என் நினைவுக்கு வருகின்றது.

அடுத்து அவர்கள் செய்த செயல் துணிச்சலானது. ‘வெள்ளை’ என்று தமிழ் உழவர் அழைத்த தடித்த கரும்பைத் தாயாகக் கொண்டனர். கோவையின் கரைகளிலும் தரிசுகளிலும் தானே வளரும் காட்டுக் கரும்பைத் தந்தையாகக் கொண்டனர். இந்தக் காட்டுப் புல்லினத்தை நம் மக்கள் நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் வழங்குவர். பட்டினத்தார் கையில் ஏந்தித் திரிந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது நம்மவர் கூறும் கதை. கோவை நிலையத்தாரும் பேய்க்கரும்பை இனிக்கச் செய்தவர்களே! காட்டினத்தின் வன்மையும் நாட்டினத்தின் இனிமையும் ஒரே செடியில் அமைந்தன. 1912ஆம் ஆண்டின் அந்தக் கலப்பில் பிறந்த நாற்றுகளுள் ஒன்றுதான் ‘கோ 205’. கோயம்புத்தூர் என்னும் பெயரின் முதலெழுத்தே அந்தக் ‘கோ’. 1918இல் அது பஞ்சாபில் உழவருக்கு வழங்கப்பட்டது. அங்கு வழங்கிய ‘கத்தா’ என்னும் நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, எண். ஒவ்வொரு தேர்ந்த நாற்றுக்கும் ‘கோ’ என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் இடப்பட்டன. வடக்கில் ஒரே கரும்புக்கு ஊருக்கொரு பெயர். ஒரே பெயரில் ஊருக்கொரு கரும்பு. எண் வந்தபின் இந்தக் குழப்பம் அகன்றது. பஞ்சாபிலிருந்து ஒருவர் கோ 205 என்று எழுதினால், கோவையில் படிப்பவர் மனத்திலும் அதே கரும்பு தோன்றும். நேரில் சுட்டிக்காட்ட இயலாதபோது, இரு புறத்தாரும் ஒரு பொருளை ஒரே சொல்லால் குறிப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பது கடிதத்தால் பணி நடத்தியவர்க்கே விளங்கும்.

இரண்டாவது, ஒப்பீடு. புதிய கரும்பைத் தனியே நட்டு, நன்றாக இருக்கின்றது என்று புகழ்ந்தால் அது கருத்தாகும், சான்றாகாது. உள்ளூர்க் கரும்பையும் அதன் அருகிலேயே, அதே மண்ணில், அதே நீரில் நட்டு, இரண்டையும் அளந்து எழுதினால்தான் தொலைவிலிருப்பவனுக்கு உண்மை புலப்படும். ஐயத்திற்கு இடமின்றி அளவை சொல்லும்போது, அளந்தவனை நேரில் அறியாதவனும் நம்பலாம்.

மூன்றாவது, தீர்ப்பு. எது சிறந்த கரும்பு என்னும் இறுதித் தீர்ப்பை வடக்கின் வயலே வழங்கியது. பஞ்சாபுக்கு உகந்தது கோ 205. பீகாருக்கு உகந்தது கோ 213. ஒன்றை எல்லார் மீதும் திணிக்கவில்லை. பல நாற்றுகளை அனுப்பி, அந்தந்த மண் எதை ஏற்கின்றது என்று பார்த்தனர்.

1919இல் பார்பர் ஓய்வு பெற்றார். வெங்கட்ராமன் தலைமையை ஏற்று 1942 வரை நிலையத்தை நடத்தினார். அவர் காலத்தில் தடித்த கரும்பு, காட்டுக் கரும்பு, வட இந்திய மெல்லிய கரும்பு ஆகிய மூவகைக் குருதியும் ஒன்று சேர்ந்த கோ 281, கோ 290 போன்ற இனங்கள் தோன்றின. 1932இல் இந்திய அரசு உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்பு வரி அளித்தது. அதற்கு முன் ஏறத்தாழ 30ஆக இருந்த ஆலைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே 130ஐத் தாண்டியது. வரி மட்டும் ஆலைகளை ஓட்ட முடியாது, கரும்பு வேண்டும். அந்தக் கரும்பில் பெரும்பங்கு கோவையில் பிறந்தது. வெங்கட்ராமன் சர் பட்டமும், 1956இல் பத்மபூஷண் விருதும் பெற்றார், 1963இல் மறைந்தார்.

இதுவரை வெற்றியைக் கூறினேன். வரலாறு வெற்றியை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும். ஆகவே இடர்களையும் கூறுகின்றேன்.

கோவையில் ஆயிரக்கணக்கான நாற்றுகள் முளைக்கும். எல்லாவற்றையும் வடக்கே அனுப்ப முடியாது. ஆகவே கோவையிலேயே முதற்கட்டத் தேர்வு நடந்தது. ஆனால் கோவையின் இதமான வெயிலில் தழைத்து நிற்கும் நாற்று, வடக்கின் உறைபனியில் குன்றிப் போகலாம். கோவையில் மெலிந்து தோன்றும் நாற்றோ, அங்கே உரம் பெற்று எழலாம். அப்படியானால், இங்கே நாம் கழித்துக் கட்டியவற்றுள் வடக்கு விரும்பியிருக்கக் கூடியவை எத்தனையோ? கண்காணாத களத்திற்காக இங்கிருந்தே தேர்ந்தெடுப்பவனை விடாது தொடரும் வினா அது. அவ்வினாவிற்கு விடையாக 1932இல் இன்றைய ஹரியானாவிலுள்ள கர்னாலில் ஒரு துணை நிலையம் அமைக்கப்பட்டது. வட இந்தியத் தட்பவெப்பத்திலேயே நாற்றுகளைத் தேர்ந்தெடுப்பது அதன் நோக்கம். தலைமை நிலையம் தன் கண்ணின் எல்லையை ஒப்புக்கொண்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் ஒரு பங்கைக் களத்திற்கே கொடுத்தது. கடிதம் எழுதும் திறமையைவிட அரிய திறமை அதுதான் என்பேன்.

மற்றோர் இடர் கொடியது. பீகாரிலும் ஐக்கிய மாகாணங்களின் கிழக்குப் பகுதியிலும் கோ 213 உழவரின் உள்ளம் கவர்ந்தது. பரந்த நிலப்பரப்பில் அதுவே நின்றது. 1930களின் இறுதியில் செவ்வழுகல் நோய் அவ்வயல்களில் புகுந்தது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, புளித்த மணம் வீசும். மேலே தோகை வாடிச் சாயும். காளான் வகையைச் சேர்ந்த ஒரு கிருமியால் வரும் நோய் அது. கரணையின் வழியாகவே அடுத்த பயிருக்கும் பரவும். வயல் வயலாகக் கரும்பு மடிந்தது. ஓர் இனத்தின் வெற்றியே அதன் வீழ்ச்சிக்கு வாயிலாயிற்று. எங்கும் ஒன்றே நின்றதனால், ஒன்றைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கியது.

அதன்பின் செவ்வழுகலைத் தாங்கும் திறனைச் சோதிப்பது வட இந்தியக் கரும்புத் தேர்வில் தவிர்க்க முடியாத கட்டமாயிற்று. ஆயினும் பாடம் ஒருமுறையோடு முடியவில்லை. கர்னாலில் தேர்ந்தெடுக்கப்பட்டு 2009இல் வெளியான கோ 0238 என்னும் இனம், உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் மிகப் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. உழவருக்கும் ஆலைகளுக்கும் பெரும் வருவாய் அளித்தது. அண்மை ஆண்டுகளில் அதனையும் செவ்வழுகல் தாக்கியது. இனங்களை மாற்றி நடுமாறு உழவரை வலியுறுத்த நேர்ந்தது. நல்ல செய்தி வரும்போதே அடுத்த இனத்தை ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதை வரலாறு இருமுறை சொல்லிவிட்டது.

இனி, இந்தக் கதையில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகின்றேன். அதற்காக நாம் கடல் கடந்து செல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் சென்றது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பதற்காகத் தமிழரும் தெலுங்கரும் அதிலே சென்றனர். அவர்களுக்குப் பின் ஆயிரமாயிரம் பேர் அவ்வழியே போயினர். அவர்கள் சிந்திய வியர்வையில் நேட்டாலின் கரும்புத் தொழில் வளர்ந்தது. 1930களில் அந்நாட்டுக் கரும்பு ஆராய்ச்சியாளர்க்குப் புதிய இனங்கள் தேவைப்பட்டன. அங்கும் கரும்பில் நல்ல விதை பிடிப்பது எளிதன்று. அவர்கள் கோவையை நாடினர். கோவையில் கோ 421, கோ 312 என்னும் இனங்களைக் கலந்து பெற்ற விதை நேட்டாலுக்கு அனுப்பப்பட்டது. கரும்பு விதை மிகச் சிறியது. பஞ்சு போன்ற இழைகளோடு கூடியது. ஒரு சிறு பொதியில் பல்லாயிரம் அடங்கும். கோவையார் விதையை அனுப்பினர். முளைக்கச் செய்ததும் வளர்த்ததும் தேர்ந்தெடுத்ததும் நேட்டாலார். 1945இல் ஓர் இனம் வெளியிடப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘என்கோ 310’. முதலெழுத்து நேட்டாலைக் குறிக்கும். அடுத்து நிற்பது கோயம்புத்தூர்.

அந்த இனம் நேட்டாலோடு நிற்கவில்லை. தைவான், ஜப்பானின் ஒகினாவா முதலிய தொலைநாடுகளிலும் பரவியது. தம் பெயருக்கு முன்னே பிறர் பெயரை நிறுத்திக்கொள்வதில் கோவை எதையும் இழக்கவில்லை. உலகின் பல வயல்களில் அதன் பெயர் நின்றது.

இந்தியாவுக்குள்ளும் இதே முறை வழக்கமாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் கரும்பு பூக்கும் பருவத்தில் பல மாநிலங்களின் ஆராய்ச்சியாளர்கள் கோவைக்கு வருகின்றனர். இங்குள்ள தேசியக் கலப்பினத் தோட்டத்தில் தாம் விரும்பும் இனங்களைத் தாமே கலக்கின்றனர். விதை அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்கின்றது. அங்கே முளைத்து, அங்கேயே தேர்வாகும் இனத்திற்கு இரு பெயரும் சேர்ந்து வழங்கும். பஞ்சாபின் ஜலந்தரில் தேர்வானது ‘கோஜே 64’. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தேர்வானது ‘கோஎஸ் 767’. நம் கடலூரில் தேர்வானது ‘கோசி 671’. பிறந்த இடத்திற்கும் வளர்ந்த இடத்திற்கும் பெயரிலேயே பங்கு. இதைவிடச் சுருக்கமான நன்றியுரையை நான் எங்கும் படித்ததில்லை.

1969இல் இந்நிலையம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. பின்னர் அனைத்திந்திய ஒருங்கிணைந்த கரும்பு ஆராய்ச்சித் திட்டம் தோன்றியது. இதில் நாடு ஐந்து மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மண்டலத்திலுள்ள நிலையங்கள் யாவும் அதே புதிய இனங்களை, அதே ஒப்பீட்டு இனங்களோடு நட்டு அளக்கின்றன. இரண்டு நடவுப் பயிரும் ஒரு மறுதாம்புப் பயிரும் பார்த்தபின்பே தீர்ப்பு. ஓரிடத்தார் உயர்த்திச் சொன்னாலும் தாழ்த்திச் சொன்னாலும், பிற இடங்களின் அளவைகள் அதைச் சரிசெய்துவிடும். அன்று பார்பரும் வெங்கட்ராமனும் அஞ்சல் வழியே தொடங்கிய முறை இன்று நாடளாவிய ஒழுங்காக நிற்கின்றது.

இவ்வளவையும் என் தங்கை மகளுக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிவில், “கரும்புக்கு மனசு இல்லையே மாமா, என் குழுவில் இருப்பவர்களுக்கு உண்டே” என்றாள்.

நியாயமான மறுப்புத்தான். “அம்மா, நான் சொன்னது கரும்பைப் பற்றி அன்று, கரும்பை அளந்து எழுதிய மனிதர்களைப் பற்றி” என்றேன். பஞ்சாபில் வெயிலில் நின்று தூர்களை எண்ணியவனுக்கு மனம் இருந்தது. தான் அனுப்பும் எண்களைக் கோவையில் ஒருவர் ஊன்றிப் படிக்கின்றார் என்று அவன் அறியாவிட்டால், எண்ணுவதை எளிதில் விட்டிருப்பான். ‘உன் மண்ணுக்கு எது பொருந்தும் என்று நீயே சொல்’ என்று கேட்கப்பட்டவன் அக்கறையோடு எண்ணுவான். ‘நான் சொன்னதைச் செய்’ என்று பணிக்கப்பட்டவன், சொன்னதைச் செய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வான். என் தோட்டத்துப் பெரியவருக்கு மண்ணைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரியும். அந்த அறிவை நான் கேட்டுப் பெறவில்லை. ஆகவே அது எனக்குக் கிட்டவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை ஏதோ ஓர் அறையில் அமர்ந்து, வேறேதோ ஊரிலுள்ளோருக்கு வழிகாட்டும் பொறுப்பை ஏற்கக் கூடும். கருவிகள் மாறியிருக்கும். கடிதம் போய்த் திரையில் முகம் தெரியும் காலம் வந்துவிட்டது. நாளை இன்னும் என்னென்னவோ வரும். ஆயினும் சில வேலைகளைக் கருவி நமக்காகச் செய்துவிடாது. அனுப்புவதற்கு முன் அவர்கள் களத்தை அறிந்துகொள்வது, ஒரு பொருளுக்கு ஒரு பெயரை உறுதி செய்வது, அளவை கேட்பது, களத்தின் தீர்ப்புக்குச் செவி கொடுப்பது, விளைந்தபின் பெயரில் பங்கு தருவது ஆகியவற்றை நாமேதான் செய்ய வேண்டும்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் இன்று இல்லை. சென்ற ஐப்பசியில் கோவையின் மேற்குப் பக்கம் போயிருந்தேன். கரும்பு நிலையத்தின் வயல்களில் பூக்கதிர்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுள் எந்தக் கதிரின் விதை எந்த ஊரில் முளைக்குமோ, யார் அதை நட்டு நீர் பாய்ச்சி, அளந்து, இங்கே எழுதி அனுப்புவாரோ என்று எண்ணியபடி நின்றேன். அவருடைய கடிதத்தை இங்கே யாரேனும் ஊன்றிப் படிப்பார்கள் என்னும் நம்பிக்கையோடு ஊர் திரும்பினேன்.